ஏழு நிர்வாகிகளும் ஒரு பூனையும்

எங்கள் ஊரில் இணையவழி வகுப்பு தொடங்கிய கதையைக் கேட்டால், கல்விக் குழுவில் இருந்த ஏழு பேரும் ஏழு விதமாகச் சொல்வார்கள். ஏழும் பிழை. நடந்தது எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் அதில் நடந்த திருகுதாளம் முழுவதும் நான் செய்தது.

நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். கல்முனையிலிருந்து முச்சக்கர வண்டியில் பத்து நிமிடத்தில் வந்துவிடக்கூடிய ஊர். மவுஸ் அசையவில்லை என்பதிலிருந்து போனில் படம் அழிந்துபோனது வரை ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஆகவே பள்ளிவாசலின் கல்விக் குழு, பிள்ளைகளுக்குப் பாடங்களை இணையத்தில் போடப் போகிறோம், டீச்சர் மசூறாக் கூட்டத்துக்கு வந்து ஆலோசனை சொல்ல வேண்டும் என்று ஆள் அனுப்பியதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் பெருமைப்பட்டேன். புது அபாயாவைப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

போவதற்கு எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அது என் ராத்தா.

ராத்தா என்றால் அக்கா, எனக்கு ஆறு வயது மூத்தவள். உம்மா தன் வளவை இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் வீடு கட்டித் தந்தபடியால், அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மதில் மட்டும்தான். அந்த மதிலிலும் ஒரு கதவு உண்டு. அவள் பதினைந்து வருடமாகப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். உம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு கத்துகிற பிள்ளையை அரை நிமிடத்தில் சிரிக்க வைத்துவிடுவாள். ஆனால் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் மூன்று முறை தவறியவள். பதினைந்து வருடமாக அதை யாரும் கேட்கவில்லை. இப்போது திடீரென்று பாலர் பாடசாலை நிர்வாகம், அடுத்த வருடத்திலிருந்து கணிதம் சித்தியடையாத ஆசிரியைகளை வைத்திருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. அதற்குள் ராத்தாவுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பரீட்சை.

நீ சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்துப் பார்த்தேன். முதல் நாள் பத்து நிமிடம் ஓடியது. இரண்டாம் நாள் ஏழு. மூன்றாம் நாள் "இதுவும் தெரியாதா" என்று என் வாய் சொல்லிவிட்டது, அவள் கொப்பியை என் மடியில் போட்டுவிட்டு எழும்பிப் போனாள். டியூஷன் வகுப்புக்குப் போவதென்றால் தன்னிடம் அ, ஆ படித்த பிள்ளைகளின் பக்கத்து வாங்கில் போய் உட்கார வேண்டும். இதற்கெல்லாம் மேலே, வீட்டில் புது மருமகன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ராத்தாவின் மகளை முடித்தவர் பொறியியலாளர், அதிகம் பேசாதவர். அவருக்கு முன்னால் ராத்தா தும்முவதற்குக்கூட யோசிப்பாள். மாமி கணக்கில் தவறியவள் என்பது அவர் காதுக்குப் போகவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தாள்.

ஆகவே எனக்கு வேண்டியிருந்தது, ஒரே பயிற்சியை நூறு தரம் செய்தாலும் முகம் சுளிக்காத, யாரிடமும் போய்ச் சொல்லாத ஓர் இடம். ஊரின் செலவில் அது கிடைக்குமென்றால் நான் ஏன் விடப் போகிறேன்?

மசூறாவில் ஏழு பேர் இருந்தார்கள். எங்கள் ஊரில் ஏழு குடி. குடி என்பது உம்மா வழியாக வருவது, ஒவ்வொரு குடிக்கும் பிரதிநிதியாகப் பள்ளிவாசலில் ஒரு மரைக்காயர் இருப்பார். எந்தக் குழுவானாலும் குடிக்கு ஒருவர் என்று எடுக்காவிட்டால் அந்தக் குழு அந்த வெள்ளிக்கிழமையைத் தாண்டாது. தலைவர் அரிசி ஆலை வைத்திருக்கிற ஹாஜியார். அவர் தொண்டையைச் செருமி, டீச்சர் சொல்லுங்க என்றார்.

முதலில் ஓர் உள்ளடக்க முகாமைத்துவ முறைமையைத் தெரிவு செய்ய வேண்டும் என்றேன். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஏழு பேரும் மரியாதையாகத் தலையை ஆட்டியதிலிருந்தே ஒருவருக்கும் விளங்கவில்லை என்று தெரிந்தது. பக்கங்களை எழுதிப் போடவும் திருத்தவும் ஆட்களைச் சேர்க்கவும் ஒரு மென்பொருள் வேண்டும், அதைத்தான் சொல்கிறேன் என்று விளக்கினேன். இரண்டு வகையைக் கொண்டு போயிருந்தேன். ஒன்று செய்தியும் படமும் அறிவித்தலும் போடுவதற்கென்று செய்தது, பார்க்க அழகு. மற்றது வகுப்புக்கென்றே செய்தது. அதன் முகம் அரசாங்க விண்ணப்பப் படிவம் போலத்தான் இருக்கும். ஆனால் பாடம், பயிற்சி, புள்ளி எல்லாம் உள்ளேயே உண்டு, பயிற்சிகளைத் தானே திருத்தும், பழைய போனிலும் கொஞ்ச டேட்டாவிலும் திறக்கும். ஒரே பயிற்சியை எத்தனை தரமும் செய்யலாம் என்பதையும் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எல்லோருடைய கண்ணும் முதலில் காட்டிய அந்த அழகியின் மேல்தான். ஒரு மரைக்காயர் தன் மச்சானின் கலியாண மண்டபத்துக்கு இப்படி ஒரு தளம் இருக்கிறதென்றும் அதைத் திறந்தால் ரோசாப் பூ கொட்டும் என்றும் சொல்லி, போனில் காட்டவும் செய்தார். பூ கொட்டியது. இன்னொருவர், திறந்ததும் சலாம் சொல்லுகிற ஒரு குரல் வர வேண்டும் என்றார். யாருடைய குரல் என்பதில் கால்மணி நேரம் போனது. நான் தோற்றுக்கொண்டிருந்தேன். ராத்தாவின் பரீட்சை ரோசாப் பூவுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஓய்வுபெற்ற அரசாங்க அலுவலக லிகிதர் ஒருவர் கையை உயர்த்தினார். "டீச்சர், முகாமைத்துவம் எண்டு சொன்னீங்க. அப்ப இதுக்கு முகாமையாளர் ஆரு?"

அழகியின் உள்பக்கத்தைத் திறந்து காட்டினேன். தமிழில் வரிசையாக இருந்தது: நிர்வாகி, பதிப்பாசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர். நிர்வாகி என்ற சொல்லைக் கண்டதும் ஏழு கதிரைகளும் முன்னால் நகர்ந்தன. உலகத்துக்கு அது ஒரு கணினிச் சொல்லாக இருக்கலாம். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்காகப் பத்து வருடம் கதைக்காமல் இருந்த மச்சான்மார் உண்டு. நிர்வாகி தலைவர்தான் என்று தலைவரே சொன்னார். பதிப்பாசிரியரை லிகிதர் எடுத்துக்கொண்டார். அப்படியே எழுத்தாளர் இரண்டு பேர், பங்களிப்பாளர் இரண்டு பேர் என்று போய், கடைசியில் ஏழாவது ஆளான இரும்புக் கடைக்காரருக்கு முன்னால் சந்தாதாரர் மட்டும் மிஞ்சி நின்றது.

சந்தா என்பது ஊரில் எல்லாக் குடும்பமும் பள்ளிவாசலுக்கு மாதா மாதம் கட்டுவது. அவர் சாரனை இறுக்கிக்கொண்டு எழும்பினார். "அப்ப எங்கட குடி சந்தா கட்ட மட்டும்தானா?"

அதற்குப் பிறகு எழும்பிய சத்தத்தில், சொல்லவே வேண்டாம், ஏழு குடியின் பழைய கதைகளும் வெளியே வந்தன. எல்லோரையும் நிர்வாகி ஆக்கினால் என்ன என்று ஒருவர் கேட்டார். எங்கள் பள்ளிவாசலில் மின்விசிறியைக் கூட்டவும் குறைக்கவும் ஏழு பேருக்கும் உரிமை உண்டு. ஜும்ஆ நேரத்தில் அந்த விசிறி படுகிற பாட்டை ஊரே கதைக்கும். இந்த ஏழு பேரின் கையிலும் உண்மையான திறப்பை, அதாவது சாவியைக் கொடுத்தால் ஒரு கிழமைக்குள் பாடமெல்லாம் அழிந்து ரோசாப் பூ மட்டும் கொட்டிக்கொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் ஷைத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் என்றுதான் நினைக்கிறேன். மற்ற முறைமையில் பதவிகளுக்கு நாம் விரும்பிய பெயரை வைக்கலாம் என்று மெதுவாகச் சொன்னேன். அது உண்மைதான். அப்படியென்றால் அதில் ஏழு பேரையும் நிர்வாகி என்று போட ஏலுமா என்று ஹாஜியார் கேட்டார். "ஓம் ஹாஜியார், தாராளமாப் போடலாம்" என்றேன். அதுவும் உண்மைதான். அழகியை மூடி வைத்தார்கள். சலவாத்து ஓதி மசூறா முடிந்தது. மற்ற ஊர்களில் வேகம், பாதுகாப்பு, பராமரிப்பு என்றெல்லாம் பட்டியல் போட்டு ஒப்பிட்டு இதைத் தெரிவு செய்வார்களாம். நாங்கள் இப்படித் தெரிவு செய்தோம்.

வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினேன். அந்த முறைமையில் மாணவர் என்றொரு பதவி உண்டு. பாடத்தைப் பார்க்கலாம், பயிற்சி செய்யலாம், வேறொன்றையும் தொட முடியாது. அதைப் பிரதி எடுத்து, பிரதிக்கு நிர்வாகி என்று பெயர் வைத்து, ஏழு பேரையும் அதில் சேர்த்தேன். எல்லா அதிகாரமும் உள்ள பதவிக்கு உதவியாளர் என்று பெயர் வைத்து அதில் என்னைப் போட்டுக்கொண்டேன். டீச்சருக்கு எவ்வளவு பணிவு என்று ஹாஜியார் பிறகு பல பேரிடம் சொன்னாராம். நான் பொய் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பில் கொஞ்சம் தாராளமாக இருந்தேன், அவ்வளவுதான்.

ராத்தாவை மாணவராகச் சேர்த்தேன். எந்தப் பெயரில் சேர்க்க என்று கேட்டதற்கு எங்கள் வீட்டுப் பூனையின் பெயரைச் சொன்னாள். பெரிய மனிதர்களுக்கு வைக்கிற மாதிரியான நல்ல கம்பீரமான பெயர் அது. சுபஹு தொழுதுவிட்டு, வீட்டில் மற்றவர்கள் எழும்புவதற்கு முந்தி, குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்படியில் இருந்து போனில் கணக்குச் செய்வாள். என் பாடசாலைக் கணித ஆசிரியை எழுதித் தந்த பயிற்சிகள்தான் எல்லாம். ஒரு கிழமையில் சதவீதம் முடிந்தது. பின்னத்தில் போய்த் தடக்கி விழுந்தாள். விழுந்து எழும்பித் திரும்பவும் விழுந்தாள்.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. பிள்ளைகளும் நிறையப் பேர் சேர்ந்தார்கள். அதற்குள் ஹாஜியாருக்கு ஒரு யோசனை. யார் எத்தனை பயிற்சி செய்திருக்கிறார்கள், என்ன புள்ளி என்று ஒரு தரவரிசை முன்பக்கத்தில் வர வேண்டும். வெறும் பெயர் போதாது, எவர் வீட்டுப் பிள்ளை என்றும் வர வேண்டும். அப்போதுதான் பெற்றோர் உசாராவார்கள் என்று குழுவும் சொன்னது.

சேதி எப்படியோ மதிலைத் தாண்டிப் போயிருக்கிறது. ராத்தா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவள் முகம் அப்படி வெளிறி நான் கண்டதில்லை. அந்தப் பட்டியல் வந்தால் தான் அன்றைக்கே விட்டுவிடுவதாகச் சொன்னாள். பூனை எவர் வீட்டுப் பூனை என்று தேட ஊருக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?

மறுக்க என்னால் முடியும். ஆனால் உதவியாளர் எப்படி நிர்வாகிகளை மறுப்பது? ஆகவே போடலாம், போடுவதற்கு முந்தி குழு ஒரு தரம் பார்த்துச் சொல்லட்டும் என்று மடிக்கணினியோடு போய் புரொஜெக்டரில் காட்டினேன். பட்டியல் சுவரில் விழுந்தது. முதலாம் இடத்தில் எங்கள் பூனை, வீடு இல்லாமல் பெயர் மட்டும். பிறகு பிள்ளைகள். கீழே, எல்லோருக்கும் கீழே, ஏழு பேர். பெயர், வீடு, குடி எல்லாம் துப்புரவாக இருந்தது. செய்த பயிற்சி பூச்சியம், புள்ளி பூச்சியம். மாணவர் பதவியின் பிரதியில் இருப்பவர்களையும் முறைமை மாணவராகவே எண்ணும். இது எனக்கு முன்கூட்டியே தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை, ஆகவே சொல்லவில்லை.

இரும்புக் கடைக்காரர்தான் முதலில் பேசினார். பிள்ளைகளை இப்படி ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுவது மார்க்கத்தில் அவ்வளவு நல்லதில்லை என்றார். லிகிதர், பின்தங்கிய பிள்ளைகளின் மனம் என்ன பாடுபடும் என்று கவலைப்பட்டார். ஹாஜியார் மட்டும் மேலே பார்த்துக்கொண்டு, முதலாவதாக வந்திருப்பது எவர் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். வெளியில் சொல்ல விருப்பமில்லாத ஒரு பிள்ளை, நல்ல முயற்சி என்றேன். மாஷா அல்லாஹ் என்றார். தரவரிசை வேண்டாம் என்ற முடிவு மூன்று நிமிடத்தில் எட்டப்பட்டது. எங்கள் பள்ளிவாசலில் அவ்வளவு கெதியாக எடுத்த முடிவு வேறு இருக்காது.

நான் வெற்றிக் களிப்பில் வீட்டுக்கு வந்தேன். ராத்தாவிடம் நடந்ததைச் சொன்னதும் அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, மீண்டும் சிரித்தாள். ஏழு ஆண்களையும் ஏய்த்து அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. நான் செய்த பிழையை அப்போது நான் நினைத்தும் பார்க்கவில்லை.

பெருநாளன்று பகல் சாப்பாடு ராத்தா வீட்டில். எல்லோரும் பாயில் சுற்றி உட்கார்ந்திருந்தோம், மருமகனும் இருந்தார். சாப்பாடு முடிந்து ராத்தா பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தை வெட்டத் தொடங்கினாள். ஒன்பது பேர். எப்படிப் பிரிப்பது என்று கத்தியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். எனக்கு நாக்கில் சனி. "பின்னத்த பதினாலு தரம் செஞ்ச ஆளுக்கு இது என்ன பெரிய வேலையா?" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவருக்கும் விளங்கவில்லை என்று ஒரு நொடி நம்பினேன். மருமகன் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு விளங்கிவிட்டது. ராத்தா கத்தியைப் பக்கத்தில் வைத்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"பதினாலு எண்டு உனக்கு எப்படித் தெரியும்? நீ பாத்துக்கிட்டா இரிந்த?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் பிளேன்ட்டீயைக் குடித்துக்கொண்டு உதவியாளராக உள்ளே போய், பூனை இன்றைக்கு என்ன செய்தது, எதில் பிழைத்தது, எத்தனை நிமிடம் எடுத்தது என்று பார்ப்பேன். அக்கறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அக்கறைதான். மீதி, சொல்ல வெட்கமாக இருக்கிறது, வேடிக்கை. ஏழு பேர் பார்த்துவிடக் கூடாதென்று அவ்வளவு பாடுபட்டதை நான் ஒருத்தி தினமும் பார்த்து, கடைசியில் யாருக்குத் தெரியக் கூடாதோ அவருக்கு முன்னாலேயே போட்டு உடைத்தேன்.

அன்றிலிருந்து பூனை உள்ளே வரவில்லை. ஒரு கிழமை போனது. பரீட்சைக்கு இரண்டரை மாதம்தான் இருந்தது. மதில் கதவு சாத்தியிருந்தது. நான் முன்வாசலால் சுற்றிப் போனேன். தேத்தண்ணி தந்தாள், பக்கத்தில் உட்காரவில்லை. மன்னித்துக்கொள் என்று சொன்னேன். சரி என்றாள். அந்தச் சரியில் ஒன்றுமே இல்லை.

அடுத்த நாள் மடிக்கணினியோடு போய், புள்ளிகளைப் பார்க்கிற உரிமையை என் பதவியிலிருந்து எடுத்துவிட்டேன் என்று அவளுக்கே காட்டினேன். அவள் கவனமாகப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் அவளுக்கும் கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

"எடுத்த உனக்கு மறுகாப் போட ஏலாதா?"

ஏலும். அவள் கேட்டது சரி. எவ்வளவு நல்ல முறைமையானாலும் திறப்பு யார் கையில் இருக்கிறதோ அவரை நம்பத்தான் வேண்டும், என்னை அவள் நம்பவில்லை. அவள் முன்னாலேயே ஒரு புதுப் பதவியைச் செய்தேன். பாடம் போடலாம், புள்ளி பார்க்க முடியாது. அதில் என்னைப் போட்டேன். எல்லாம் உள்ள பழைய கணக்கைத் திறந்து கடவுச்சொல் மாற்றுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளி, முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டேன். எழுத்தெழுத்தாக அழுத்துகிற சத்தம் கேட்டது. நீளமான கடவுச்சொல்தான். மின்னஞ்சலையும் மாற்று என்று நானே சொல்ல, அதை அப்போதே மாற்றிவிட்டேன் என்றாள்.

அப்படியாக எங்கள் ஊர்த் தளத்துக்கு ஏழு நிர்வாகிகளும், ஒன்றையும் பார்க்க முடியாத ஒரு தகவல் தொழில்நுட்ப ஆசிரியையும், எல்லா அதிகாரமும் உள்ள ஒரு பாலர் பாடசாலை ஆசிரியையும் இருந்தார்கள். புதுப் பிள்ளையைச் சேர்க்க வேண்டுமென்றால் நான் மதில் கதவைத் தட்டிக் காத்திருப்பேன். சில நாட்களில் கறி இறக்கட்டும் என்பாள். நான் நிற்பேன். பூனை திரும்பி வந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்த காலம் வேறு இல்லை.

பரீட்சை எழுதினாள். எப்படி என்று கேட்கவில்லை. பெறுபேறு வந்த அன்று காலை கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பரீட்சைச் சுட்டெண்ணைக் கொண்டு என்னிடம்தான் வருவாள் என்று நினைத்தேன், வீட்டுக்குப் பக்கத்தில் வேறு யாருக்கு இதெல்லாம் தெரியும்? பத்து மணி. பதினொன்று. கதவு திறக்கவில்லை. பிறகுதான் அவள் மகள் சொன்னாள், உம்மா காலையிலேயே மருமகனின் மோட்டார் சைக்கிளில் கல்முனைக்குப் போய்விட்டாவாம், போட்டோக் கொப்பிக் கடையில் பார்க்க. பெருநாளுக்கு மறுநாளே மருமகன் கொப்பியும் பேனையுமாக வந்து, மாமி, பின்னம் நான் சொல்லித் தாறன் என்று குசினிக்குள் உட்கார்ந்தாராம். எனக்குத் தெரியக் கூடாதென்று வீட்டில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாளாம்.

நான் அழுதேன். அவள் சித்தியடைந்தாளோ என்னவோ என்று மட்டுமல்ல, அந்தக் குசினியில் நான் இல்லாமல் போனேனே என்றும்தான்.

பள்ளிவாசலில் பகல் தொழுகைக்கு வாங்கு சொல்கிற நேரம் மதில் கதவு திறந்தது. முக்காட்டில் தெருப் புழுதியோடு ராத்தா நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"சி எடுத்திரிக்கன்."

திறமைச் சித்தி! கட்டிப் பிடிக்கப் போனேன். கையால் தடுத்து நிறுத்தினாள். இன்னும் முடியவில்லை என்பது போல மூச்சை இழுத்து, பக்கத்து வளவுக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னாள்:

"பின்னத்த நாப்பத்தியொரு தரம் செஞ்சன். நீ எண்ணத் தேவல்ல, நானே சொல்றன்."